ஆவுடையப்பன் வீட்டு ரோமாபுரிச் சுவர்

ராஜபாளையத்துப் பருத்தி வியாபாரி ஆவுடையப்பனுக்குப் பணத்தில் குறைவில்லை. மனசில்தான் குறை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரோ ஒருவர், கப்பலில் வந்த பெல்ஜியம் நிலைக்கண்ணாடிகளைத் தன் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் அப்போது புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தேக்குத் தூண்கள் நிறுத்தியாகிவிட்டது, மச்சு ஏற்றியாகிவிட்டது. வருகிற ஆவணியில் மகள் வெள்ளத்தாய்க்குக் கல்யாணம். புது வீட்டுக் கூடத்தில்தான் மணவறை. சேத்தூரிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் கூடத்தைப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும். ஆனால் அதற்குச் செலவாகும் என்று யாராவது சொன்னால் மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். அவரைப் பற்றி ஊரில் நான் கேட்ட நல்ல வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: எண்ணெய் தேய்த்தால் நன்றாகத் தேய்த்துக் குளிப்பார்.

புது வீட்டுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி, பழைய வீடு இருந்தது. அதுதான் இப்போது அடுப்படி. அங்கே அவருடைய தங்கை பாலம்மாள் இருந்தாள். அவள் புருஷன் கருத்தையா கொழும்புக்கு மிளகாய் வற்றல் கொண்டுபோய் விற்றுவந்தவன். ஒரு தடவை கப்பலிலிருந்து தூத்துக்குடியில் இறங்கியவனுக்குப் பேதி கண்டது, வீடு வந்து சேரவில்லை. அப்போது பாலம்மாளுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்தவள், தாயில்லாத வெள்ளத்தாயைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள், காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தாள், பூப்பெய்தியபோது மட்டும் ஒதுங்கி நின்றாள். நல்ல காரியம் எதற்கும் அவள் முன்னால் வரக் கூடாது. புது வீட்டுக்கு நிலை வைத்த அன்றே ஆவுடையப்பன் சொல்லிவிட்டார், கல்யாணம் முடிகிறவரை கூடத்துப் பக்கம் கால் வைக்காதே என்று. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்கிற மாதிரி சொன்னார். அவளும் சரி என்று உலை வைக்கப் போய்விட்டாள்.

சுவர்ப் பூச்சுக்கு வந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சாகுல் ஹமீது ராவுத்தர். அவருடைய தகப்பனார் பீர் முகமது, கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைத்த சுண்ணாம்பில் சுவரை முகம் பார்க்கிற மாதிரி இழைக்கக்கூடியவர். மகனும் அதைக் கற்றுக்கொண்டார், ஆனால் ஊரில் நிற்காமல் தூத்துக்குடி போய்க் கப்பலேறிவிட்டார். நீராவிக் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. பல வருஷம் கழித்து இருமலோடு திரும்பி வந்து, மறுபடியும் பூச்சுக் கரணையைக் கையில் எடுத்தார்.

ஒருநாள் ஆவுடையப்பன் கூடத்தில் நின்று பெல்ஜியம் கண்ணாடியை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, சாகுல் ஹமீது சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

“மொகம் பாக்குற கண்ணாடி என்ன மொதலாளி பெரிய அதிசயம். நான் ஒண்ணு பாத்திருக்கேன், சொல்லட்டுமா?”

“சொல்லுலே.”

“இத்தாலியில நேப்பிள்ஸ்னு ஒரு துறைமுகம். எங்க கப்பலு ரிப்பேராகி அங்க ரொம்ப நாள் கெடந்துச்சு. எஞ்சினியர் தொரை ஒருநா சோத்துக் கூடைய எந்தலையில வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அங்க புகை விடுத மலை ஒண்ணு இருக்கு. ரோமாபுரி ராசா காலத்துல அது வெடிச்சு ஒரு ஊரையே சாம்பல்ல மூடிருச்சாம். ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்குப் பொறவு தோண்டிக்கிட்டு இருக்காக. தெரு இருக்கு, வீடு இருக்கு, அடுப்பு இருக்கு. ஒரு வீட்டு முத்தத்துல, சொவத்தோட சேத்து ஆளுயர மாடம். உள்ள தண்ணி விழுகுததுக்குத் தூம்பு. அந்த மாடம் பூராவும் கண்ணாடித் துண்டு மொதலாளி. நகத்தளவுதான் ஒவ்வொண்ணும். நீலம், பச்சை, மஞ்சள். ஓரத்துல சிப்பியா பதிச்சிருக்காக. வெயிலு பட்டுச்சு பாருங்க, அம்புட்டும் அப்பத்தான் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. தொரைகிட்டக் கேட்டேன். அந்தக் காலத்துப் பணக்காரவுக வீட்டுல சொவத்துல, தூணுல, மச்சுலகூட கண்ணாடி பதிப்பாகளாம்.”

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தார். ரோமாபுரியைப் பற்றி அல்ல.

“கண்ணாடிக்கு எம்புட்டு ஆகும்?”

“ஒடஞ்ச கண்ணாடிதான் மொதலாளி. முழுசு வேண்டாம்.”

அந்த ஒரு சொல்லில் விஷயம் முடிந்துபோனது. உடைந்த கண்ணாடிக்கு யாராவது காசு கேட்பார்களா? கூடத்தின் மேற்குச் சுவரில், மணவறை வரப்போகிற இடத்துக்கு நேர் பின்னால், ஆளுயரத்துக்கு வளைந்த மாடம் ஒன்று எழும்பியது.

சாகுல் ஹமீது துண்டு பொறுக்கக் கிளம்பினார். துரைமார் பங்களாவிலிருந்து காலி பிராந்தி பாட்டில்கள் வந்தன. பச்சையும் பழுப்பும் அதில் கிடைத்தன. சிப்பியைத் தூத்துக்குடி வண்டிக்காரர்கள் கொண்டுவந்து போட்டார்கள். நீலத்துக்கும் சிவப்புக்கும்தான் வழியில்லை. வளையல் கடையில் உடைந்த வளையலுக்கும் விலை சொன்னார்கள். ஆவுடையப்பன் காது கேட்காதவர்போல இருந்துவிட்டார். பத்து நாளில் ராவுத்தர் எங்கிருந்தோ ஒரு சாக்கு நிறைய வளையல் துண்டு கொண்டுவந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள், மயில் கழுத்து நிறம், சந்தன நிறம். கழுவிக் காயவைத்துக் குறட்டால் நறுக்கி நிறம் நிறமாகப் பிரித்து வைத்தார். ராவுத்தருக்கு வளையல் வியாபாரத்தில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை.

மனுஷ உருவமோ மிருக உருவமோ பதிக்க மாட்டேன், மார்க்கத்துக்கு ஆகாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே யானையும் இல்லை, மயிலும் இல்லை. கீழே தண்ணீர், மேலே கொடி. வளையல் துண்டுகளில் இருந்த வளைவு அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒன்றை ஒட்டி ஒன்றாக அடுக்க, அலை தானாக வந்தது. கொடியின் சுருளும் அப்படித்தான். ஈரச் சாந்தில் ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்தும்போது அவர் இருமலை அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள் இந்த மனுஷனா கரி அள்ளிப் போட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

பாதிச் சுவர் முடியும்போதே ஊர் திரண்டு வர ஆரம்பித்தது. கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தார்கள். மம்சாபுரத்திலிருந்து ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வந்து பார்த்துவிட்டுப் போனாள். ரோமாபுரிச் சுவர் என்று அதற்குப் பேரும் விழுந்தது. ஆவுடையப்பன் தலை நிமிர்ந்து நடந்தார். தானே நேப்பிள்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போல வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார்.

பாலம்மாள் அடுப்படியிலிருந்து இதையெல்லாம் காதால் கேட்டாள். அலை இப்படி இருக்கிறது, கொடி அப்படி இருக்கிறது என்று வெள்ளத்தாய் வந்து வந்து சொன்னாள். “நீங்க ஒரு தடவ பாத்திரணும் அத்தை” என்றாள். பாலம்மாள் சிரித்துக்கொண்டாள். அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்படுகிறவள் இல்லை. ஆனால் தன் கையால் வளர்ந்த பெண் எந்தச் சுவருக்கு முன்னால் உட்காரப் போகிறாள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. கல்யாணத்தன்று எப்படியும் பார்க்க முடியாது.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் பார்க்க வீட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டிப் போய்விட்டார்கள். சாகுல் ஹமீது மட்டும் கூடத்தில் வேலையாக இருந்தார். பாலம்மாள் மோர்ச் செம்பைக் கொல்லை வாசலில் வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்று திரும்பவில்லை.

“ராவுத்தரே, நான் செத்த நேரம் உள்ள வந்து பாக்கட்டுமா?”

“உங்க வீடு தாயி. எங்கிட்டயா கேக்குறது?” என்று அவர் ஒதுங்கி நின்றார்.

மேல் ஜன்னல் வழியாக வெயில் சரியாக மாடத்தில் விழுந்த நேரம் அது. பாலம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கேட்டதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கீழே நீலமாக அலை. அலைக்கு மேலே பச்சைக் கொடி ஏறி, நடுவில் ஒரே ஒரு பெரிய பூவாக விரிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். பூவின் நடுவில், கருநீலத்தில் பால் வெள்ளைப் புள்ளி வைத்த துண்டுகள் வட்டமாகப் பதிந்திருந்தன.

அந்தப் புள்ளி வளையல் ராஜபாளையத்தில் வேறு யார் கையிலும் கிடையாது. கருத்தையா கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. கை நிறையப் போட்டுவிட்டு, நீ பாத்திரம் தேய்க்கும்போது கழற்றி வைத்துவிடு, இனி கிடைக்காது என்று சொன்னவன். அடுத்த நடையில் அவனே இல்லை.

பாலம்மாள் கை அவள் சொல்லாமலே போய் அந்தப் பூவைத் தொட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். செத்துப்போன பிள்ளையைத் தெருவில் விளையாடப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் யோசனை வந்தது.

“ராவுத்தரே, இந்த வளையல் துண்டெல்லாம் எங்க பொறுக்குனீக?”

“கண்மாய்க்கரையில தாயி, அந்த நாவல் மரத்துக்கு அடியில. வாரி வாரி எடுத்தேன். மண்ணத் தோண்டத் தோண்ட வருது. இம்புட்டு நல்ல கண்ணாடிய யாரு கொண்டாந்து கொட்டுனாகளோ.”

பாலம்மாள் பூவிலிருந்து கையை எடுத்தாள். நாவல் மரத்தடி என்று ஊரில் யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கரை என்றுதான் சொல்வார்கள். புருஷன் செத்த பெண்ணைக் காரியம் முடிந்ததும் விடிவதற்குள் அங்கேதான் கூட்டிப்போவார்கள். கூடப் போகிறவர்களும் தாலி அறுத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு கல்லின் மேல் கையை வைக்கச் சொல்லி, இன்னொரு கல்லால் தட்டுவார்கள். உடைந்தது அங்கேயே கிடக்கும், திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஆம்பிளைகள் மாடு தேடிக்கூட அந்தப் பக்கம் போக மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படிக் கிடந்ததைத்தான் ராவுத்தர் சாக்கில் அள்ளி வந்திருந்தார். வெளியூர்க்காரர், அதிலும் பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர். அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பார்க்க வந்த பெண்களோ அந்தக் கரையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. அந்தத் துண்டுகளை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் இந்தக் கூடத்தில் நுழைய உரிமை கிடையாது.

அவள் சொன்னாள். மறைக்காமல் முழுவதும் சொன்னாள். சாகுல் ஹமீது கையிலிருந்த குறடைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“அல்லா மேல ஆணையாத் தெரியாது தாயி. எங்க வீடுகள்ல புருசன் மவுத்தாயிட்டா கருகமணியக் கழட்டிட்டு, வீட்டுக்குள்ளயே நாலு மாசம் பத்து நாள் இத்தா இருப்பாக. கண்மாய்க்கெல்லாம் யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாக.”

“இத எடுத்திர முடியுமா?”

அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். “எடுக்கலாம். எடுத்தா மிச்சம் பாட்டில் துண்டும் சிப்பியும்தான்.” கொஞ்ச நேரம் இருமினார். பிறகு அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே சொன்னார். “வளையலு என்ன தாயி தப்புப் பண்ணுச்சு? ஒடச்சவுக ஒடச்சாக. அது கெடந்த எடத்துல நெறம் மாறாமக் கெடந்துச்சு.”

இத்தனை வருஷத்தில் பாலம்மாளிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. விதி என்று சொல்லியிருக்கிறார்கள், போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்ன தப்புப் பண்ணினாய் என்று கேட்டவர்கள் கிடையாது. ராவுத்தர் வளையலைத்தான் கேட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது.

“ரோமாபுரியில அந்த வீட்டுக்காரவுக என்ன ஆனாக?” என்று கேட்டாள்.

“செத்துப் போனாக தாயி. மலை வெடிச்சப்போ ஊரே போயிருச்சு.”

“அந்தக் கண்ணாடிதான் ஆகாதுன்னு யாரும் சொல்லலியா?”

சாகுல் ஹமீது சிரித்துவிட்டார். “சொல்ல ஆளு மிஞ்சல. இப்பத் தொரைமாருக துட்டுக் குடுத்து வந்து பாக்காக.”

அவளும் சிரித்தாள். கூடத்துக்குள் நின்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. போகும்போது, “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்று அவளேதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி போனாள். மத்தியானம் எல்லாரும் படுத்த நேரத்தில், மோர்ச் செம்போடு. பூவைப் பார்த்துவிட்டு வருவாள். மற்றத் துண்டுகளிலும் ஆட்களைக் கண்டுபிடித்தாள். அந்தச் சிவப்பு, தெற்குத் தெரு சுடலைமாடத்தியுடையது, பதினாறு வயதில் அறுத்தவள். அந்தச் சந்தன நிறம் பெத்தம்மாளுடையதாக இருக்கும். ஊர்க் கல்யாணம் எதற்கும் வராத பெண்கள் எல்லாரும் இந்தக் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பதுபோல அவளுக்கு இருந்தது. நிற்கட்டுமே என்று நினைத்தாள்.

அந்த நினைப்போடு அவள் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எனக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலை இருந்திருக்காது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. வளையல்காரர் வந்து வெள்ளத்தாய்க்கு இரண்டு கையிலும் புது வளையல் அடுக்கிவிட்டுப் போனார். அவள் ஓடி வந்து அத்தையைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா கமிசன் கடைக்குப் போயிட்டாக. ஒரே நிமிசம் வாங்க.”

கூடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தன் கையைச் சுவரின் மேல் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். “பாருங்க அத்தை, எங்கையும் சொவரும் ஒரே நெறம். எது வளையலு எது சொவருன்னு தெரியுதா?”

தெரியவில்லை. அதுதான் பாலம்மாளைக் கொன்றது. புது வளையலும் உடைந்த வளையலும் ஒன்றாகக் கலந்து, சின்னப் பெண்ணின் மணிக்கட்டு கல்லின் மேல் வைத்ததுபோலச் சுவரின் மேல் இருந்தது. பாலம்மாள் அந்தக் கையை வெடுக்கென்று பறித்து எடுத்தாள். வெள்ளத்தாய் பயந்துபோனாள்.

ராவுத்தர் சொன்னது சரி என்று அவளுடைய ஒரு மனசுக்குத் தெரியும். ஆனால் இது அவளுடைய சங்கதி இல்லை, பிள்ளையுடைய சங்கதி. தனக்கென்றால் தைரியமாக இருக்கலாம், பிள்ளையை வைத்துத் தைரியம் பார்க்க முடியுமா? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று தன் மனசே தன்னைக் குத்தாதா? இப்படியெல்லாம் நினைத்தாள். ராவுத்தரிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தானாகவே நேரம் பார்த்து, சாந்து சரியில்லை, பெயர்ந்துவிட்டது என்று ஏதாவது சொல்லி எடுத்திருப்பார். அந்த நிதானம் அவளுக்கு இல்லை. அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்.

ஆவுடையப்பன் பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டு எழுந்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி சுவரைப் பற்றியது அல்ல.

“ஏட்டி, நீ எதுக்குக் கூடத்துக்குள்ள போன?”

அன்று பகலே கடப்பாரை வந்தது. கூலியாட்கள் ராக்கப்பனும் சமுத்திரமும் குத்தினார்கள். நல்ல சாந்து, லேசில் விடவில்லை. ஒவ்வொரு குத்துக்கும் சடசடவென்று வளையல் தெறித்தது. அந்தச் சத்தத்தைப் பாலம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். அவளுக்குத் தெரிந்த சத்தம்தான், தன் கையிலேயே ஒரு தடவை கேட்டது. இந்தத் தடவை சாயங்காலம்வரை கேட்டது.

சாகுல் ஹமீதை ஆவுடையப்பன் கூலியாட்களுக்கு முன்னால் கன்னத்தில் அறைந்தார். “எங்க அள்ளுனியோ அங்கயே கொண்டு போயிக் கொட்டுலே” என்றார். கூடை கூடையாக ராவுத்தரே தலையில் சுமந்து கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோனார். ஊர் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. முந்தின வாரம்வரை விரலால் தடவிப் பார்த்துச் சொக்கிப்போன பெண்கள், வீட்டுக்கு ஓடித் தலை முழுகினார்கள். மம்சாபுரத்துக்காரி குழந்தைக்கும் சேர்த்து முழுக்காட்டினாளாம்.

கடைசிக் கூடையை எடுக்கும்போது அவர் கிணற்றடியில் நின்ற பாலம்மாளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

“பிள்ளைக்காகச் சொல்லிட்டேன் ராவுத்தரே” என்றாள்.

“சரிதான் தாயி. பிள்ளை நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். குரலில் வருத்தம் இருந்தது, கசப்பு இல்லை. கொஞ்ச நாளில் அவர் மறுபடியும் தூத்துக்குடிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த இருமலோடு எந்தக் கப்பலில் அவரைச் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

கூடத்தைக் கழுவி, ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்து, குழிகுழியாகக் கிடந்த சுவருக்கு வெள்ளையடித்து, அதை மறைக்க வாழைமரமும் கமுகுக் குலையும் கட்டினார்கள். கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. கெட்டிமேளம் கேட்டபோது பாலம்மாள் அடுப்படிச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். தான் செய்தது சரிதான் என்று அப்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கூடத்துக்குள் போன குற்றத்துக்கு அண்ணன் அதன் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது, பிள்ளை தப்பித்தாள் அல்லவா என்று இருந்தாள்.

மூன்றாம் வருஷம் சித்திரையில் சேத்தூரிலிருந்து ஆள் வந்தது. வெள்ளத்தாய் புருஷன் ஐயாதுரை வயலில் மயங்கி விழுந்திருக்கிறான். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் போய்விட்டான். வெயிலா, நெஞ்சா, என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. இருபத்தைந்து வயதுப் பையன், முந்தின நாள் கிணறு இறைத்தவன்.

சேத்தூரில் அவளை வைத்துக்கொள்ளவில்லை. காரியத்துக்கு முன்பே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆகவே அந்தக் கரைக்கு அவளைக் கூட்டிப்போனது ராஜபாளையத்துப் பெண்கள்தான். அதில் பாலம்மாளும் ஒருத்தி. பெத்த தாய் இடத்தில் இருந்தவள், வேறு யார் போவார்கள்? வெள்ளத்தாய் அழவில்லை. கையை வைக்கச் சொன்னதும் வைத்தாள். பாலம்மாளால் கல்லை எடுக்க முடியவில்லை. சுடலைமாடத்திதான் தட்டினாள்.

அதற்குப் பிறகு அடுப்படியில் இரண்டு பேர் ஆனார்கள். கூடத்தில் நல்ல காரியம் என்றால் இரண்டு பேரும் கிணற்றைத் தாண்டி வருவதில்லை.

ஒருநாள் மத்தியானம் இருவரும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். சேத்தூரில் தன்னை என்ன சொன்னார்கள் என்று வெள்ளத்தாய் அன்றுதான் வாய் திறந்தாள். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னாளாம், இவள் கால் வைத்த நேரம்தான் என்று. நாத்தனார் சொன்னாளாம், இவள் முகத்திலேயே எழுதியிருக்கிறது என்று. புருஷனைத் தின்றவள் என்று தெருவில் நிறுத்திச் சொன்னார்களாம். சின்னப் பிள்ளைகள்கூட எதிரே வராமல் ஒதுங்கிப் போயினவாம். எல்லாவற்றையும் யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாலம்மாள் புளியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். “நீ என்ன தாயி தப்புப் பண்ணுன” என்று கேட்டாள். இந்தக் கேள்வியைத் தன்னிடம் ராவுத்தர் கேட்டதும், அவருக்குத் தான் செய்ததும், கேட்கும்போதே அவளுக்கு நினைவுக்கு வந்தது.

வெள்ளத்தாய் வெறும் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அந்தச் சொவர இடிக்காம விட்டிருக்கலாம் அத்தை” என்றாள். “அது இருந்திருந்தா எல்லாரும் சொவரச் சொல்லியிருப்பாக. இப்ப என்னயச் சொல்லுதாக.”

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பாலம்மாள் தாங்கியிருப்பாள்.